மழைக்கு விடுப்பு எடுக்கும் ஜலதோஷம்

ஏழு, எட்டு, ஒன்பது. மொரிவாகி தும்மத் தொடங்கினால் மர மில்லில் ரம்பத்தை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். மூக்கைச் சிந்திவிட்டு அவர் சொல்வது எல்லா வருடமும் ஒன்றுதான்: "வெறும் ஜலதோஷம்பா. போர்த்தாம தூங்கிட்டேன்."

மார்ச் பிறந்தால் யோஷினோ மலையின் சுகி என்னும் ஊசியிலை மரங்கள் மஞ்சள் மகரந்தப் பொடியை வாரி இறைக்கும். ஊரில் பாதிப் பேர் வாசலிலேயே நின்று சட்டையைத் தட்டி உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். "என்ன, பேய் ஓட்டுறீங்களா?" என்று மொரிவாகி கேட்பார். மகரந்த ஒவ்வாமை டோக்கியோக்காரர்களின் சொகுசு நோய் என்பது அவர் கட்சி. "நாப்பது வருசமா சுகி மரம்தான் எனக்குச் சோறு போடுது. அதுவா என்னைத் தும்ம வைக்கும்?"

இஞ்சிச் சாறு, ஊறுகாய்ப் பிளம், கழுத்தில் துண்டு என்று எல்லா வைத்தியமும் நடக்கும். ஜலதோஷம் மே மாதம்வரை அசையாது. "மழை பெஞ்சா லீவு போடுற ஜலதோஷத்தை உங்ககிட்டதாங்க பாக்குறேன்" என்பாள் மனைவி ஃபுசயே. அவர் காதில் வாங்கமாட்டார்.

இந்த மார்ச்சில் மகள் சிஹாருவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் பேத்தி. போனில் தாத்தாவின் தும்மலைக் கேட்டதுமே மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, ஜலதோஷம் போனப்புறம் வாங்க. பச்சப் புள்ளைக்கு ஒட்டிக்கும்."

மே மாதம்வரை பேத்தி முகம் பார்க்காமல் இருப்பதா? மறுநாள் விடிந்ததும் மனிதர் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"காய்ச்சல், உடம்பு வலி?"

"கிடையாது."

"கண்ணு அரிக்குதா?"

"கழட்டி வச்சுச் சொறியலாம் போல இருக்கு டாக்டர்."

"மூக்குல?"

"பச்சைத் தண்ணி. குழாயை மூட மறந்த மாதிரி."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மருத்துவர் தயங்கினார். ஊருக்கே தெரிந்த வீறாப்பு அல்லவா? "தப்பா எடுத்துக்காதீங்க. ஜலதோஷம் இத்தனை நாள் தங்காது. இது... சுகி மகரந்தம்."

"அப்போ ஒட்டுவாரொட்டி இல்லையே?"

"இல்லை."

"எழுதிக் குடுங்க!"

அந்தச் சீட்டை மில் முழுக்க ஆட்டிக் காட்டினார். "எனக்கு ஒவ்வாமைடா! அசல் ஒவ்வாமை!" ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

ஞாயிறன்று மகள் வீட்டு வாசல். உள்ளே பேத்தி சிணுங்கும் சத்தம். அழைப்பு மணிவரை போன கையை மொரிவாகி இழுத்துக்கொண்டார். மேல்சட்டையைக் கழற்றி ஓங்கி உதறினார். தொப்பியைத் தட்டினார்.

"என்னங்க, பேய் ஓட்டுறீங்களா?" என்றாள் ஃபுசயே.

அவர் குனிந்து, கால்சட்டை மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டிக்கொண்டிருந்தார்.