பெரியப்பா அமத்திய படம்

போன வாரம்தான் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் முடிவைப் பார்த்தேன். மீதிப் படம் எனக்கு மனப்பாடம். சின்ன வயதில் வருஷம் தவறாமல் பார்த்ததுதான். முடிவை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவிட்டதில்லை, எங்கள் பெரியப்பா. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

தொண்ணூறுகளில் வாடிப்பட்டியில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். தீபாவளி, பொங்கல் என்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். கூடவே மூன்று கேசட். இரண்டு புதுப்படம், பிள்ளைகள் இஷ்டம். மூன்றாவது கேசட் பெரியம்மா இஷ்டம். சேலைகூட இன்னது வேண்டும் என்று கேட்காத மனுஷி, இந்தப் படத்தை மட்டும் கேட்டு வாங்குவார். "மறுபடியுமா!" என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம்.

பிடித்தவனைக் கட்டிக்கொண்ட மகளை வாசலோடு விரட்டிவிடும் அப்பாவின் கதை. மகள் போன இடத்தில் கஞ்சிக்கில்லாமல் சீப்படுவாள், அப்பா இங்கே வீம்பு பிடிப்பார். கடைசியில் ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவார். எங்கே போகிறார்? நாங்கள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்போம். அந்த இடத்தில்தான் பெரியப்பா எழுந்துபோய் டெக்கை அமத்திப் படத்தை நிறுத்துவார். ஒரு வருஷம் ஹெட்டு சூடாயிருச்சு என்றார். இன்னொரு வருஷம் டெக்குக்காரன் வந்துருவான் என்றார். அந்தப் பாவி மறுநாள் சாவகாசமாகத்தான் வந்தான்.

ஒரு பொங்கலுக்கு எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஆளு எங்கதேன் போறாரு? அதையாச்சும் சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினேன். அம்மா தொடையில் கிள்ளினாள். பெரியப்பா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலிலிருந்து பெரியம்மாதான் பதில் சொன்னார்.

"எங்க போவாரு? மக வீட்டுக்குத்தேன். அப்பனே போயிக் கூப்புட்டா அந்தப் புள்ள ஓடியாந்துரும்ல? அம்புட்டுத்தேன் கதை."

சொன்னது எனக்கு, பார்த்தது பெரியப்பாவை. அவர் வயரை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர்களுடைய ஒரே மகள், எங்கள் அக்கா, வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போயிருந்தாள். எனக்கும் தெரியும். அவள் பேச்சை எடுத்தால் வீட்டில் அடி விழும் என்பதும் தெரியும். ஆனால் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற புத்தி எனக்கு எங்கே இருந்தது? இம்புட்டு நாள் காத்திருந்த முடிவைப் பொசுக்கென்று சொல்லிக் கெடுத்துவிட்டாரே என்று பெரியம்மா மேல்தான் ஆத்திரம்.

போன வாரம் பார்த்தேன். படத்தில் அப்படி இல்லை. அப்பா போய்ச் சேருகிறார், மகள் உயிரோடு இல்லை. பெரியம்மா எங்கள் எல்லோர் முன்னாலும் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். அவரோடு முன்பே கொட்டகையில் பார்த்து முடிவு தெரிந்த பெரியப்பாவும் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியம்மா அப்படிச் சொன்ன அந்த வருஷமும் பெரியப்பா திருப்பூருக்குப் போகவில்லை. தீபாவளிக்குப் பெரியம்மா திரும்பவும் அதே படத்தைக் கேட்டார். முடிவுதான் தெரிஞ்சுபோச்சே, இன்னும் அந்தப் பாடாவதிப் படம் எதுக்கு என்று அவரோடு மல்லுக்கு நின்றேன் நான்.