என் பேரில் ஒரு டிரோன்

தாராவியில் எங்கள் சந்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். விமானம் கூரைகளை உரசுகிற மாதிரி இறங்கிப் போகும். அது போனதும் விட்ட வார்த்தையிலிருந்து பேச்சு தொடரும். சண்டையும் அப்படித்தான், கையை ஓங்கியவள் ஓங்கியபடியே நிற்பாள். ஊரிலிருந்து வந்த என் தங்கை இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. பிறகு பழகிப்போனது. அந்த விமானங்களால் என் மகன் பிழைப்புக்கு இடைஞ்சல் வரும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

என் மகன் முத்து கல்யாண வீடியோ எடுக்கிறவன். மாப்பிள்ளை அழைப்பை மேலேயிருந்து எடுத்தால்தான் இப்போது கல்யாண வீட்டார் சம்மதிக்கிறார்கள். துபாயிலிருந்து ஒரு சிநேகிதன் கொண்டுவந்த டிரோனை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் சட்டம் மாறியது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது, வண்டிக்கு இருப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் நம்பர் வேண்டும் என்றார்கள். போனில் ஒரு மேப் காட்டினான். விமான நிலையத்தைச் சுற்றி எல்லாம் சிவப்பு, பறக்கவிடக் கூடாத இடம். தாராவி, மாஹிம், மாட்டுங்கா எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. இது தெரிவதற்கு முன்பே எங்கள் தெருக் கோயில் கொடைத் திருவிழாவில் பழையதைப் பறக்கவிட்டிருந்தான். போலீஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு அவன் பேரையும் எழுதிக்கொண்டது.

பறக்கவிடலாம் என்ற பச்சை இடமாகப் பார்த்து, கல்யாண் ஸ்டேஷன் தாண்டி ஆர்டர் எடுக்கலாம் என்று புதிது வாங்கத் தீர்மானித்தான். ஆனால் பதிவுத் தாளில் தன் பேரைப் போடப் பயந்தான்.

“ஏல, என் பேர்ல வாங்கு” என்றேன்.

“உன் பேர்லயா? தண்ணி லைன்ல எவளாவது உன் குடத்த நகட்டுனாகூட வாயத் தொறக்க மாட்ட. போலீஸ் கேட்டா பேசிருவியாக்கும்?” என்று சிரித்தான். சிரித்தாலும் கூட்டிக்கொண்டு போனான்.

கடைக்காரப் பையன் என்னையும் டிரோனையும் மாறி மாறிப் பார்த்தான். “ஆஜி, ஆப் உடாயேங்கீ க்யா?” என்றான். பாட்டி, நீங்களா பறக்கவிடப் போகிறீர்கள் என்று கேட்கிறான் என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்தியில் எது கேட்டாலும் “ஹாங்” என்று தலையாட்டி வந்தவள் நான். அன்றைக்கும் ஆட்டினேன். கடையே சிரித்தது. என் போனுக்கு ஓ.டி.பி. எண் வந்தது, முத்து அதை வாங்கித் தட்டினான், திரையில் இங்கிலீஷில் என் பேர் வந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அதை வாசிக்க வராது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன். வீடு என் வீட்டுக்காரர் பேரில், கேஸ் சிலிண்டர் மகன் பேரில். என் பேரில் அதுவரை ஒன்றும் இருந்ததில்லை.

கல்யாண் தாண்டி முதல் ஆர்டர். பகல் பதினொரு மணி இருக்கும், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மண்டபத்துப் பக்கத்தில் யாரோ புகார் சொல்லி போலீஸ் வந்திருக்கிறது. நம்பரைப் பார்த்துப் பதிவில் இருந்த எனக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் போலீஸ் என்ற சொல்லும், “டிரோன் ஆப்கா ஹை?”, உங்களுடையதா என்ற கேள்வியும்தான்.

“நஹீ சாப். மேரா நஹீ.”

என்னுடையது இல்லை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாராவியில் பழைய குடிசையில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அந்தக் காலத்தில் காக்கிச் சட்டை வந்து எதைக் காட்டி யாருடையது என்று கேட்டாலும், எங்களது இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மேலே எழுப்பிய தட்டு யாருடையது? தெரியாது. குழாய் யாருடையது? தெரியாது. ஒருமுறை திருட்டுத்தனமாகத் தண்ணீர் இழுக்க வைத்திருந்த மோட்டாரைப் பிடித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் உள்ளே ஒளிந்திருந்தார். நான் வாசலில் நின்று எங்களது இல்லை என்றேன். மோட்டார் போனது, ஆள் தப்பினார். “கெட்டிக்காரிடீ நீ” என்று அன்றைக்கு அவுக சொன்னதுதான் அவுக வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு.

உரிமைக்காரி இல்லை என்று சொன்ன பிறகு போலீஸ் என்ன செய்யும்? திருட்டுச் சாமான் என்று என் மகனை மாலை கட்டிய மண்டப வாசலிலேயே ஜீப்பில் ஏற்றினார்கள். எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆதாரை எடுத்து மேஜையில் வைத்து, “மேரா ஹை சாப்” என்றேன். அதிகாரி நல்ல மனுஷன். “அப்படியென்றால் நேற்று ஏன் சொல்லவில்லை?” என்று இந்தியில் கேட்டார். மோட்டார் கதையைச் சொல்ல என்னிடம் இந்தி இல்லை. ஆதாரை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன். தாளில் தமிழில் கையெழுத்துப் போடச் சொல்லி, மகனையும் டிரோனையும் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் முத்து டிரோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குர்லா வந்ததும், “நீ பெத்த புள்ளையவும் என்னுது இல்லன்னுதான சொல்லுவ?” என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆர்டர் வரவில்லை. போலீஸ் ஜீப்பில் போன வீடியோக்காரன் என்ற பேச்சு அவனுக்கு முந்திப் போனது. புதுச் சட்டம் இன்னொன்று வரப்போகிறது என்று வேறு சொன்னார்கள். ஒருநாள் மேப்பை நீட்டி, “உங்க ஊர்ப் பக்கம் முழுக்கப் பச்சைம்மா. சித்தி மகன் ஸ்டூடியோ வச்சிருக்கான்” என்றான். நம்ம ஊர் என்று சொல்லவில்லை. அவன் பிறந்தது இங்கே சயான் ஆஸ்பத்திரியில். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனாலும் டிரோனை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான். போன வாரம் அங்கிருந்து போனில், “பஸ் போர்டு வாசிக்க முடியாம தப்பு பஸ் ஏறிட்டேம்மா. இங்க எல்லாரும் என்னை பம்பாய்க்காரன்னு கூப்புடுதாங்க” என்றான். நான் இங்கே மதராஸியாகவே இருந்து காலத்தைத் தள்ளிவிட்டேன்.

நேற்று ஒரு வீடியோ அனுப்பினான். எதிர்வீட்டுப் பெண் தன் போனில் போட்டுக் காட்டினாள். என் போனில் அவன் பேசினான்.

“நீ பொறந்த தெரு. தெரியுதா?”

தெரியவில்லை. நான் நடந்து பார்த்த தெரு அது; அதன் கூரைகளை நான் என்றைக்குப் பார்த்தேன்? தகரமும் ஓடும் சிமென்டுமாக எல்லாம் ஒன்றுபோலக் கிடந்தன. கடைசியில் ஒரு பொட்டல் வந்தது. அதன் நடுவில் ஒரே ஒரு ஆள்.

“அது யாருல, வேகாத வெயில்ல ஒத்தையில நிக்கது?”

“நாந்தாம்மா.”

டிரோன் இன்னும் மேலே ஏறியது. அவன் சின்னதாகிக்கொண்டே போனான்.