இடது பக்கம் மட்டும் பார்த்தேன்

நான்கு வருடங்களுக்கு முன்னால், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து கரும்புக் காட்டுக்குள் பிரியும் மண்பாதையில் ஒரு குதிரைக் கொட்டகை. அங்கே நடந்தது இது.

நான் மைசூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டாக்டர். பிறந்த குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வதும் என் வேலையில் உண்டு. அப்படித் தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் கால்நடை மருத்துவர். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "குதிரைக் குட்டிக்கும் இப்படிப் பார்க்கலாம் மேடம், எனக்குத்தான் பழக்கமில்லை" என்று கன்னடத்தில் சொன்னார். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை அவரிடமிருந்து போன். பிறந்து மூன்று வாரமே ஆன குட்டி. பக்கத்தில் கட்டியிருந்த வேறொரு குதிரை உதைத்துவிட்டது. இடது பின்னங்காலைக் கீழே ஊன்றவே மாட்டேன் என்கிறது. இடுப்பில்தான் ஏதோ என்று அவருக்குச் சந்தேகம். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால் முழு மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். அந்தக் கொட்டகையில் அது நடக்காது. மாடுகளுக்குச் சினை பார்க்கிற சின்ன ஸ்கேன் மெஷின் அவரிடம் இருந்தது. "நீங்க தினமும் பாக்கற இடுப்புதானே மேடம்" என்றார். குதிரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூப்பிட்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் குடும்பம் அது. புருஷனும் பெண்டாட்டியும்தான். கொள்ளேகால் தாண்டி ராமாபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் கொள்ளேகால்காரி என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நம்ம பக்கத்து டாக்டரம்மாவே வந்துட்டீங்க, இனி என்னுங்க" என்றாள்.

குட்டிக்கு லேசாக மயக்க ஊசி போட்டு, வைக்கோல் மேல் வலது பக்கமாகப் படுக்க வைத்தோம். அந்தப் பெண் அதன் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கணவர் கால்களைப் பிடித்தார். தாய்க்குதிரை தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று விடாமல் கனைத்துக்கொண்டிருந்தது. கால்நடை டாக்டர் இடுப்பு மேலிருந்த முடியை மழித்தார். ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தேன்.

குழந்தைகளின் தொடை எலும்புத் தலை பிறந்த புதிதில் வெறும் குருத்தெலும்பு. திரையில் கருப்பாகத் தெரியும். குதிரைக் குட்டிக்கு அப்படியில்லை. பிறக்கும்போதே அது எலும்பாகியிருக்கிறது. வெள்ளையாக, கோடு போட்டது போலத் தெரிந்தது. அந்தக் கோட்டை மெதுவாகத் தொடர்ந்து போனேன். ஓரிடத்தில் அது விட்டுப்போயிருந்தது. எலும்பின் தலைக்கும் அதன் கழுத்துக்கும் நடுவில் தெளிவாக ஓர் இடைவெளி.

"உடைஞ்சிருக்கு" என்றேன்.

டாக்டர் திரையைக் குனிந்து பார்த்தார். "நிஜானா மேடம்?" என்று மட்டும் கேட்டார். நிஜம்தான் என்றேன். என் குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த இடத்தில் உடைந்தால் இங்கே செய்யக்கூடியது ஒன்றுமில்லை, வலியில் விட்டு வைப்பதுதான் பாவம் என்று அவர் அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். கணவர் கால்களை விட்டுவிட்டு எழுந்தார். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்புப் பக்கம் போனார். டாக்டர் பையைத் திறந்து, வலியில்லாமல் உயிரைப் போக்கும் மருந்தை எடுத்தார்.

நான் ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மட்டும் குட்டியின் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, அந்தப் பக்கத்தையும் ஒருக்கா பாத்துருங்களே."

"அடிபட்டது இந்தப் பக்கம்தானேம்மா?"

"ஆமாங்க. இருந்தாலும் பாத்துருங்க. எனக்காவ."

அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கும் அது புரிந்தது. சரி, ஆறுதலுக்குப் பார்த்துவிடலாம் என்று டாக்டரிடம் கண் காட்டினேன். மூன்று பேருமாகக் குட்டியைப் புரட்டினோம். அந்தப் பக்கமும் முடியை மழித்து, கருவியை வைத்தேன்.

அதே வெள்ளைக் கோடு. அதே இடத்தில் அதே இடைவெளி.

கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு இடுப்பும் ஒன்று போல, ஒரே இடத்தில், ஒரே அளவில் உடையாது. அது முறிவே இல்லை. வளரும் எலும்பில் இருக்கும் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு என்பதால் திரையில் இடைவெளி மாதிரித் தெரிகிறது. மருத்துவம் படித்த யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். உதை விழுந்தது என்று கேள்விப்பட்டு வந்த கண் முறிவைத் தேடியது, கிடைத்ததும் நின்றுவிட்டது. எந்தக் குழந்தைக்கும் இரண்டு பக்கமும் பார்க்காமல் நான் ரிப்போர்ட் எழுதியதில்லை. குட்டியைப் புரட்டுவது சிரமம் என்று அன்று ஒரு பக்கத்தோடு விட்டேன்.

டாக்டரிடம், "மருந்தை உள்ளே வையுங்க" என்றேன். அவர் எதுவும் கேட்காமல் வைத்தார். "அவரைப் போய்க் கூட்டிட்டு வாங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஓடினாள்.

குட்டியைத் திரும்பப் புரட்டி, மறுபடி இடது பக்கம் பார்த்தேன், இந்த முறை அவசரப்படாமல். தொடை எலும்புத் தலை நல்லபடியாக இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருந்தது. எலும்பில் எந்தக் கோளாறும் இல்லை. மூட்டுக்கு மேலே, கனத்த சதைக்குள், கருப்பாக ஒரு தேக்கம். உதைபட்ட இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. முதலில் பார்த்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும். டாக்டர் படங்களைத் தன் கல்லூரிப் பேராசிரியருக்கு அனுப்பினார். மதியத்துக்குள் அவரிடமிருந்தும் அதே பதில் வந்தது. வலிக்கு மருந்து, சில வாரம் கொட்டகையை விட்டு வெளியே விடாமல் ஓய்வு.

படங்களை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே கணவர் மண்வெட்டியோடு வந்து நின்றார். கால் முழுக்கச் சேறு. முதலில் நான் சொன்னது தப்பு, எலும்பு உடையவில்லை, மன்னிச்சுக்குங்க என்று இருவரிடமும் சொன்னேன். அவர் குட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வைக்கோலில் உட்கார்ந்தார். அந்தப் பெண்தான், "அதுக்கென்னுங்க, பாத்துட்டீங்கல்ல" என்றாள். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் காபி போட உள்ளே போய்விட்டாள்.

குட்டி ஒரு மாதம் வரை லேசாக நொண்டியது. அப்புறம் டாக்டர் ஒரு வீடியோ அனுப்பினார். கொட்டகைக்கு வெளியே தாயைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை பார்த்தேன். நான்கு காலையும் ஊன்றுகிறதா என்றுதான் பார்த்தேன்.

அன்று அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் குதிரையைப் பற்றி எதுவும் தெரியாதவள் நான் ஒருத்திதான். ஆனால் நான் சொன்னதை மற்ற மூன்று பேரும் அப்படியே நம்பினார்கள். இன்றைக்கும், கேள்வி கேட்கிறவர்கள் முன்னால் நிதானமாக இருக்கும் எனக்கு, நான் சொன்ன உடனே தலையாட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் பயம் வருகிறது.