பத்து அங்குலக் குழல்

பேர்ண் நகரத்து வைத்தியசாலை ஒன்றின் சமையலறையில் சிவதர்சினியும் நானும் ஒரே மேசையில் மரக்கறி வெட்டுகிறவர்கள். அவள் உயரம் என் தோள் வரைக்கும்தான். மேல் தட்டிலிருக்கும் சட்டியை எடுத்துக் கொடுக்க யாராவது வந்தால், ஏணியை இழுத்துப் போட்டுத் தானே ஏறுவாள்.

வேலைத்தலத்துச் சுற்றுலாவில் ஒருமுறை எங்களைத் துப்பாக்கியால் வர்ண உருண்டை சுடும் பெயின்ட்போல் விளையாடக் கூட்டிப்போனார்கள். உடம்பில் வர்ண உருண்டை பட்டால் நோகும் என்று நாங்கள் ஒதுங்கி நிற்க, அவள் தடுப்புக்குத் தடுப்பு தவழ்ந்துபோய்த் தலைமைச் சமையல்காரரின் முதுகில் சுட்டாள். அன்று பிடித்த பைத்தியம். இப்போது ஃப்ரிபூர்க்கில் விளையாடும் ஐந்து பேர் கொண்ட தமிழ் அணியில் அவள்தான் ஒரே பெண். கணவர் நிலனும் அதே அணி. ஆட்டம் தொடங்கியதும் எதிரணிக்கு மிகக் கிட்டவுள்ள தடுப்புக்கு ஓடிப் பதுங்குவது அவள் வேலை. அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டதில்லை.

இந்த வருடப் போட்டிக்கு முன்பு மளிகைக்கடை மகேஸ்வரன் அண்ணை, துப்பாக்கிகளுக்குப் புதிய குழல்கள் வாங்கி அன்பளிப்புச் செய்தார். ஐந்தும் பதினாறு அங்குலம். ஐந்திலும் கடையின் பெயர் பொறித்திருந்தது. பொன்னாடை போர்த்துவதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். சிவதர்சினி கையை நீட்டவில்லை.

“எனக்கு வேண்டாம் அண்ணை.”

“ஏன் பிள்ளை, கடையின்ர பேர் இருக்கெண்டோ?”

“பேருக்கில்லை. நீளத்துக்கு.”

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சபையில் கொடுப்பதை எங்கள் ஆட்கள் மறுப்பதில்லை.

நீளமென்றால் உருண்டை தூரம் போகும் என்றான் அணித் தலைவன் பானுஜன். தள்ளுகிற காற்று முதல் எட்டு, பத்து அங்குலத்திலேயே வேலையை முடித்துவிடும், மிச்சம் சத்தத்தைத்தான் குறைக்கும் என்றாள் அவள். பின்னால் நிற்கும் அவனுக்கு நீளக் குழல் நல்லது, காற்றடைத்த தடுப்பின் ஓரத்தை அதால் தள்ளிப் பிடித்துச் சுடலாம்; முன்னால் சுருண்டு கிடக்கும் தனக்கு அது இடைஞ்சல் என்றும் சொன்னாள். வீட்டில் சோபாவுக்குப் பின்னால் குந்தியிருந்து, தூசி உறிஞ்சியின் குழாயைப் பிடித்து இடமும் வலமும் திரும்பிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றதாம். ஒரு பூச்சாடியும் உடைந்ததாம்.

போட்டிக்குப் போகும்போது காரில் நிலன் கெஞ்சினார். “ஒரு நாளைக்குத்தானே, அந்தக் குழலைப் பூட்டுமன்.” அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆட்டம் பார்க்கப் பின் சீட்டில் நானும் ஏறியிருந்தேன்.

மண்டபத்தில் பானுஜன் வழிமறித்தான். “அதைப் பூட்டாட்டி அண்ணைக்கு மரியாதை இல்லை, அக்கா. நீங்க முன்னுக்குப் போக வேண்டாம்.”

“பூட்ட மாட்டன். முன்னுக்குத்தான் போவன். சரிவராட்டி நாலு பேரோட விளையாடுங்கோ.”

ஆறாவது ஆள் அணியில் இல்லை. அவன் விலகினான். அவள் தன் பத்து அங்குலக் குழலில் ஓர் உருண்டையை வைத்துச் சரித்தாள், உருண்டை விழவில்லை. வாயால் ஊதினாள், வழுக்கிக்கொண்டு போனது. அளவு சரி. முகமூடியை இழுத்து மூடினாள்.

நான் வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு முன் தடுப்புகளில் ஒன்றில் நிலன், மற்றதில் அவள். நிலனின் உடம்பு நன்றாகத்தான் மறைந்திருந்தது. குழலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதில் மஞ்சள் உருண்டை வெடித்தது. துப்பாக்கியில் பட்டாலும் ஆள் வெளியே என்பது விதி. கடைப் பெயரின் மேல் வழிந்த வர்ணத்தைத் துடைத்தபடி அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். சிவதர்சினி எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. பிறகு எதிரணியின் மூலையில் மணி அடித்தது. அதை அழுத்துகிற அணிக்குத்தான் வெற்றி. அழுத்தியவள் அவள்.

அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார்கள். ஆனாலும் முன்னுக்குப் போக வேண்டாமென்று பானுஜன் பிறகு சொல்லவில்லை.

கடைசியில் துப்பாக்கிகளோடு நிறுத்திப் படம் எடுக்கும்போது மகேஸ்வரன் அண்ணை அவளை ஓரத்தில் நிற்கச் சொன்னார். பிறகு படத்திலிருந்து அவளை வெட்டுவதற்கு வசதியாக இருக்கும் என்று எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியது. போய் நடுவில் நின்றாள்.

படம் இப்போது அவர் கடையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே தொங்குகிறது. நான்கு நீளம், நடுவில் ஒரு கட்டை.