ஞாயிற்றுக்கிழமைப் புல்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் மெஷினை ஓட்டக் கூடாது. இப்போது என் வீட்டுப் புல்தரையில் ஒரு தானியங்கி மெஷின் சத்தமில்லாமல் ஆமை போல ஊர்ந்து திரிகிறது. அதற்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான்; யாரும் கேட்பதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி இல்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைதானே என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்லட்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று என்ன செய்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அகதி விடுதியின் ஒற்றை அறையிலிருந்து, டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்திருந்தோம். வாடகை குறைவு. ஆனால் வீட்டைச் சுற்றியிருந்த புல்தரையை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புல் கணுக்காலுக்கு மேலே வளர்ந்தால் வேறு இடம் பாருங்கள் என்று வீட்டுக்காரி சிரிக்காமல் சொன்னார். அதை அப்பாவுக்கு மொழிபெயர்த்தவன் நான். அம்மாவின் வயிற்றில் தங்கை இருந்தாள். திரும்பவும் விடுதிக்குப் போவதை எங்களில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இங்குள்ள புல் குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் செத்ததுபோல் கிடக்கும். மே மாதம் வந்தால், கிடந்த பட்டினிக்கெல்லாம் சேர்த்துத் தின்பதுபோல் வளரும். அப்பா பாண் சுடும் வெதுப்பகத் தொழிற்சாலையில் சனிக்கிழமையும் வேலை செய்தார். காலையில் போனால் இரவுச் செய்தி தொடங்கும் நேரத்தில்தான் வருவார். அந்த நேரத்திலும் மெஷின் ஓட்டக் கூடாது. என்னை அவர் மெஷினைத் தொட விடவில்லை. விடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

விதி தெரியாமல் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா மெஷினைக் கிளப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு வந்துவிட்டார். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். அவருடைய புல்தரை இஸ்திரி போட்ட துணி மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா மெஷினை நிறுத்திவிட்டார். அப்பா அப்படித்தான். மேசைக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தாலே குரல் அடங்கிப்போகும்.

அடுத்த ஞாயிறு அவர் கதிர் அறுக்கும் அரிவாள் ஒன்றோடு வெளியே வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து வெட்டத் தொடங்கினார். நாட்டைவிட்டு வருமுன் ஊரில் அவர் தபால் கந்தோரில் எழுத்தர். அம்மா ஜன்னலைத் திறந்தார்.

"இஞ்சேருங்கோ, ஊரில நீங்கள் ஒரு முருங்கைக் கொப்பு முறிச்சதை நான் காணேல்லை. இஞ்ச வந்து வயல் வெட்டுறியள்."

"சத்தம் கூடாது எண்டுதானே சட்டம்? இது எங்க கத்துது?" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

மத்தியானம் புல்தரை, நாவிதர் பாதியில் எழுந்துபோன தலைபோல் இருந்தது. ஆனால் கணுக்காலுக்குக் கீழேதான். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பேரன் என் வகுப்பு. சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் அப்பா குந்தியிருப்பதை அவன் அப்படியே நடித்துக் காட்டினான். நானும் சிரித்தேன்.

சில வாரங்கள் இப்படிப் போயின. ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகப் பேசினார். சனிக்கிழமைகளில் தன் புல்லை வெட்டும்போது எங்களுடையதையும் வெட்டிவிடுவாராம், நாலு சுற்றுத்தான் கூடுதலாம். அப்பா வாரம் முழுக்க உழைக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கட்டும் என்றார்.

எனக்கு அந்தப் பேரன்தான் கண்ணுக்குள் வந்தான். என் தாத்தாதான் உங்கள் புல்லை வெட்டுகிறார் என்று திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் சொல்வான்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நீங்கள் புல்லைப் பழுதாக்கிறியளாம். இனியும் வெட்டினால் வீட்டுக்காரிக்குச் சொல்லுவாராம்."

பயந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். பிறகு புல்லை யார் வெட்டுவது என்று யோசிக்கவில்லை. அப்பா எழுந்தார். அரிவாளோடு வேலியடிக்குப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து நேராகத் தமிழில் சொன்னார்:

"ஐயா, சத்தம் கூடாது எண்டு சொன்னனீங்கள், நிப்பாட்டினன். இது என்ர கையால வெட்டுறன். ஆரிட்டையெண்டாலும் போய்ச் சொல்லுங்கோ. நான் வெட்டுவன்."

அப்பாவின் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. நன்றி, அப்பாவுக்குத் தானே வெட்டத்தான் விருப்பம் என்று நான் ஜெர்மன் மொழியில் சொன்னேன். அப்பாவின் முகத்துக்கும் என் வாக்கியத்துக்கும் பொருத்தமில்லை என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கோடை முழுக்க அப்பா வெட்டினார். மழையில் பிளாஸ்டிக் அங்கி போட்டுக்கொண்டு வெட்டினார். வளராத புல்லையும் வெட்டினார். இலையுதிர்காலத்தில் வீட்டுக்காரி வந்து மேடும் பள்ளமுமான தரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வேலிக்கு அப்பால் நின்றவரிடம், இதை எப்படிச் சகிக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு ஒரு குறையும் இல்லை, இதைவிட அமைதியான குடும்பம் உங்களுக்குக் கிடைக்காது என்றார் அவர். அப்படியானால் இருக்கட்டும் என்று வீட்டுக்காரி காரில் ஏறிப் போனார்.

"என்ன கதைச்சவை?" என்றார் அப்பா.

உண்மையைச் சொல்ல எனக்கு அது இரண்டாவது வாய்ப்பு. "புல் இப்பிடி இருந்தாப் போதுமாம். நாங்கள் இருக்கலாமாம்" என்றேன்.

"பாத்தியே தம்பி? அவரும் சொல்லிப் பாத்தவர், ஏலாமல் போச்சு."

அன்றைக்கு அம்மா பாயாசம் காய்ச்சினார். நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

அதன்பிறகு அந்த மனிதர் ஒவ்வொரு காலையும் அப்பாவுக்கு வணக்கம் சொல்வார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பல வருடங்கள் இப்படியே போயின. அவர் இறந்தபோது தெருவே செத்தவீட்டுக்குப் போனது. "எங்களை வீட்டைவிட்டு எழுப்பப் பாத்த மனிசன்" என்று சொல்லிவிட்டு அப்பா வீட்டிலேயே இருந்தார். அப்போது நான் வளர்ந்த ஆள். அன்றும் வாய் திறக்கவில்லை. இப்போது அப்பாவும் இல்லை. செத்தவர்களின் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் தூங்கட்டும். எனக்கு அது வேண்டாம்.

பொய் சொல்வது பிழை என்பது எனக்கு அன்றே தெரியும். தெரியாதது வேறொன்று. கந்தோர்களில், வைத்தியரிடம், பள்ளிக்கூடத்தில் அப்பா எப்போதும் என் வாய்க்குப் பின்னால்தான் நின்றார். அந்தப் புல்லில் குந்தியிருந்த சில மணி நேரம்தான், இந்த நாட்டில் அவருக்கு நான் தேவைப்படாத நேரம். அங்கேயும் நான் போய் நடுவில் நின்றேன்.