ஆறேகாலுக்கு வராத சந்திரன்

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு உசிலம்பட்டியில் போடி ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்புச் சீட்டு பதினான்கு அணா. புதுக் காசில் அது எண்பத்தேழா எண்பத்தெட்டா என்று எனக்கு முன்னால் நின்றவர் சீட்டுக் கொடுப்பவரோடு தகராறு செய்துகொண்டிருந்தார். நான் எண்பத்தெட்டு நயா பைசாவை வைத்து, கணக்கையும் அவருக்கு விளக்கிவிட்டு நகர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆசிரியப் பயிற்சியும் முடித்து, இரண்டு வருடமாக ஆரம்பப் பள்ளியில் வேலை. பத்திரிகைக்கும் அவ்வப்போது எழுதுவேன். தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

இது சென்ற ஐப்பசியில் நடந்தது. ரஷ்யாக்காரர்கள் செயற்கைச் சந்திரனை விட்டு இரண்டு வாரமே ஆகியிருந்தது. பெட்டி முழுக்க அதே பேச்சு.

"ரேடியோவுல கேட்டேன்யா. கோழிக்குஞ்சு கத்துற மாதிரியில்ல இருக்கு" என்றார் ஒரு ஜவுளிக்காரர்.

"கத்தட்டும். மேகத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகுதாம்ல. இனிமே மழை ஒழுங்காப் பெய்யுமா?"

"அமெரிக்காக்காரன் நமக்குப் பால்பவுடர் கரைச்சுக்கிட்டு இருந்தான். இவன் அந்த நேரத்துல மேல போயிட்டான் பாரு!"

மேகம் எவ்வளவு உயரம், அந்தச் சந்திரன் எவ்வளவு உயரம் என்று நான் சொன்னேன். ஜவுளிக்காரர் எழுந்து எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார். என் கைப்பையில் வியாழக்கிழமைப் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று இருந்தது. மாலை ஆறேகாலுக்கு வடமேற்கில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம் என்று அதில் போட்டிருந்தது. என் அக்கா செல்லம்மாளும் அவள் வீட்டுக்காரரும் இருக்கும் ஏலத்தோட்டத்தில் அன்று மாலை எல்லோருக்கும் அதைக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஆண்டிபட்டிக் கணவாய், தேனி எல்லாம் கடந்து முப்பத்து மூன்று மைல் போய், பத்து மணிக்குப் போடிநாயக்கனூர். ஸ்டேஷன் வாசலிலேயே ஏலக்காய் மூட்டைகளின் வாசனை. சந்தைப்பேட்டையில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பில் போடிமெட்டுக்கு ஒரு ரூபாய். பதினாறு மைல், பதினேழு கொண்டை ஊசி வளைவு, ஒன்பது ஆட்கள், இரண்டு கோழிகள். டிரைவர் மத்தாயி கோட்டயம் பக்கத்துக்காரர். பாதித் தமிழ், பாதி மலையாளம்.

முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் என் துண்டுக் காகிதத்தை எடுத்து வாசித்தேன்.

"எந்தா டீச்சரே, அது வியாழக்கிழமைப் பத்திரம் அல்லே? அன்னிக்குப் போட்ட சமயம் இன்னிக்கும் செரியாகுமோ?" என்றார் மத்தாயி.

"உங்க ஜீப்புன்னா நேரம் மாறும் அண்ணே. இது விஞ்ஞானிகள் கணக்கு" என்றேன். ஜீப்பே சிரித்தது. மத்தாயியும் சிரித்தார்.

கோழிகளை மடியில் வைத்திருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "ஏத்தா, நெசமான நெலாவே தெனமும் ரெண்டு நாழிகை தள்ளித்தான எந்திரிக்குது? இது மட்டும் எப்படி ஒரே நேரத்துக்கு வரும்?"

வளைவில் ஜீப் திரும்ப, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. வயல்கள் பச்சைச் சதுரங்களாக, போடி ஒரு கைப்பிடி ஓடாக. அதைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பகல் ஒரு மணிக்குத் தோட்டம். போடிமெட்டுச் சாவடியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒன்றரை மைல். பெரிய மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கு ஏலச்செடிகள். காய் தரையை ஒட்டிக் கொத்தாகப் பிடிக்கிறது. பெண்கள் குனிந்து பறித்தபடியே போகிறார்கள். அக்கா இருந்தது கூலியாட்களுக்கான தகரக் கூரை லயத்தில் கடைசி அறை. மூன்று இடத்தில் ஒழுக்கு. மூன்று இடத்திலும் பாத்திரம். எட்டு மாதக் குழந்தை ஓயாமல் இருமிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு நாள்தாண்டி" என்றாள் அக்கா. "நாளைக்குச் சாயங்காலம் முதலாளி வர்றாக. இப்ப போடுற காய் பச்சை மாறாம வந்துச்சுன்னா ஸ்டோரை இவர் பொறுப்புல விட்டுட்டு, பக்கத்துக் கல் வீட்டையும் தர்றேன்னு சொல்லியிருக்காக. ஸ்டோர் சூட்டுக்கு அந்தச் சுவரெல்லாம் கதகதன்னு இருக்கும். பிள்ளைக்குச் சளி பிடிக்காது."

ஸ்டோர் என்பது காய் உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பு, அதன் புகையும் சூடும் இரும்புக் குழாய் வழியாக உள்ளே தரையைச் சுற்றி ஓடுகிறது. மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக் காய். அத்தான் சுப்பையா எனக்கு எல்லாவற்றையும் காட்டினார்.

"மொத நாலஞ்சு மணி நேரம் காய் வேர்க்கும் புள்ள, நம்மளை மாதிரியே. அப்போ மேல் சன்னலைத் திறந்து ஆவியை வெளியேத்தணும். விட்டா தன் ஆவியிலயே அவிஞ்சு நிறம் போயிரும். வேர்வை நின்னதும் சன்னலைச் சாத்திறணும். இதுதான் சோலியே."

"எப்பத் திறக்கணும்னு எப்படித் தெரியும் அத்தான்?"

"சுவத்துல கை வச்சா ஈரம் சொல்லும். நீங்க காயிதத்துல பாக்குறீக, நாங்க சுவத்துல பாக்குறோம்."

நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினார். ஆறு மணிக்கு நான் போய்க் கூப்பிட்டேன். வேர்க்கும் நேரம், இப்போது நகரக் கூடாது என்றார். பத்தே நிமிடம், உலகமே பார்க்கிறது, நீங்கள் மட்டும் பார்க்காமல் இருப்பதா என்றேன். அவருக்கும் ஆசை இருந்தது. கண்ணில் தெரிந்தது. சன்னலைத் திறந்து வைத்தால் பனி உள்ளே புகும் என்று எல்லாவற்றையும் சாத்தினார். அடுப்பு தணியாதிருக்கக் கனமான இரண்டு கட்டைகளைத் தள்ளிவிட்டு வந்தார். "பத்து நிமிசம்தான். வந்து வெரசாத் திறந்துருவேன்."

ஸ்டோருக்கு மேலே ஒரு பர்லாங் ஏறினால் மொட்டைப் பாறை. லயத்து ஆட்களும், இரவு அங்கே தங்கவிருந்த மத்தாயியுமாக மொத்தம் பதினொரு பேர். ஆறு பதினைந்து ஆயிற்று. மேற்கே பிரகாசமாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ஒருவர், "அந்தா!" என்று கத்தினார். அது வெள்ளி, நகராது என்று திருத்தினேன். ஆறு இருபத்தைந்து.

"போகட்டுமா புள்ள?" என்றார் அத்தான்.

"அஞ்சு நிமிசம் அத்தான்."

மத்தாயி பீடியைப் பற்ற வைத்தார். "லேட் பஸ்ஸோ டீச்சரே?"

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் எனக்குப் புரிந்தது. கோழிக்கார அம்மாள் சொன்னதுதான் சரி. வியாழக்கிழமை நேரம் வியாழக்கிழமைக்குத்தான். அது போதாதென்று வடமேற்கில் வானத்தைப் பாதிவரை மலை மறைத்துக்கொண்டிருந்தது. அப்போது மணி ஆறரை. "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், எல்லோரும் இறங்குங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

"போகட்டுமா?" என்று அத்தான் இரண்டாம் முறை கேட்டார்.

"ரஷ்யாக் கடிகாரத்துக்கும் நம்ம கடிகாரத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும் அத்தான். இருங்க."

அப்படி ஒரு கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் அவர் நம்பினார். ஆறே முக்காலுக்கு அவர் எழுந்தே விட்டார். "புள்ள, காய் வேர்க்குமே. நான் போறேன்." "இதை விட்டா ஆயுசுக்கும் பார்க்க முடியாது" என்று நான் சொல்ல, மறுபடி உட்கார்ந்தார். பனி மூடி வெள்ளியும் மறைந்த பிறகுதான் இறங்கினோம். மணி ஏழு இருபது.

ஸ்டோர் கதவைத் திறந்ததும் வெள்ளையாக ஆவி வந்தது. ஏலக்காய் வாசனை இல்லை. அவித்த கீரையின் வாடை. அத்தான் ஓடி ஓடிச் சன்னல்களைத் திறந்தார். பிறகு ஒரு தட்டிலிருந்து காயை எடுத்து அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"நிறம் போச்சு" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

"முதலாளிகிட்ட நான் சொல்றேன் அத்தான். நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு."

"வேணாம். தூங்கிட்டேன்னு சொன்னா திட்டிட்டு விட்டாலும் விட்டுருவாக. அடுப்பை விட்டுட்டு வேடிக்கை பார்க்கப் போனேன்னு தெரிஞ்சா எந்தத் தோட்டத்துலயும் அடுப்புப் பக்கம் சேர்க்க மாட்டாக. நீ வாயைத் திறக்காத."

உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முதலாளி வந்தார். வெள்ளைத் துணியில் காயைக் கொட்டி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். எல்லாம் பழுப்பு.

"என்ன சுப்பையா இது?"

"கண் அசந்துட்டேன் முதலாளி."

"நாலு வருசமா அசராத கண்ணு, வீடு தர்றேன்னு சொன்ன அன்னைக்குத்தான் அசந்துச்சா?"

அத்தான் தலை குனிந்து நின்றார். முதலாளி என்னைப் பார்த்தார். யார் என்று கணக்குப்பிள்ளை சொன்னதும் அவர் குரல் மாறியது. "டீச்சரா? ரொம்பச் சந்தோசம்மா. போடியில எல்லாரும் அடிச்சுக்கிறாங்க. நீங்க படிச்சவுக, சொல்லுங்க. அந்தச் சந்திரன் எப்படிக் கீழ விழாம சுத்துது?"

நான் விளக்கினேன். சன்னலில் இருந்த ஆரஞ்சுப் பழத்தைப் பூமியாக்கினேன். துணியில் கிடந்த ஒரு பழுப்புக் காயை எடுத்துச் சந்திரனாக்கி அதைச் சுற்றிக் காட்டினேன். கால் மணி நேரம் தடங்கல் இல்லாமல் பேசினேன். அத்தான் எனக்குப் பின்னால் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூட்டையில் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"படிப்புன்னா இதுதான்யா" என்றார் முதலாளி. "பத்திரிகையிலயும் எழுதுவீகளாமே? நம்ம மலையைப் பத்தி எழுதுங்கம்மா. நான் வாசிக்கிறேன்."

எழுதுகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா ஜீப் வரைக்கும் வந்தாள். மழை தூறியது. குழந்தையை முந்தானையால் மூடியிருந்தாள். அழவில்லை, ஒன்றுதான் கேட்டாள். "அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசம்னு சொன்னியாம்ல. அஞ்சு நிமிசம் எம்புட்டு நேரம்னு படிச்சவளுக்குத் தெரியாதா?"

இறங்கும்போது மத்தாயி என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருக்கலாம். பதினேழு வளைவும் அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். முந்தலில் வெயில் வந்தது.

உசிலம்பட்டியில் நான் இருக்கும் வாடகை வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறது, ஒழுகாது. இங்கே மழை அபூர்வம். பெய்தால் பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடுவார்கள். நானும் அவர்களைத் தடுத்ததில்லை. இப்போது மழை வந்தால் அக்காவின் மூன்று பாத்திரங்களை எண்ணுகிறேன். கல் வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தையில் அத்தான் அந்தத் தோட்டத்தை விட்டே வந்துவிட்டார். இப்போது குரங்கணிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் சுமை தூக்குகிறார். அங்கே அடுப்பு வேலை இல்லை. ஆகவே இனி நான் சொல்வதால் அவர் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலாளி அவர்களே, மலையைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். அன்று ஸ்டோரில் யாரும் தூங்கவில்லை. உங்கள் ஆள் போகட்டுமா, போகட்டுமா என்று மூன்று முறை கிளம்பப் பார்த்தார். மூன்று முறையும் உட்கார வைத்தது நான்.