கருந்துளையிலிருந்து வெளிச்சம் வரவழைத்தேன்

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இன்று காலை ஒரு பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி ஆர்டரோடு வந்தார்.

என் மேசையில் பிரபஞ்சத்தைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டையில் கருந்துளை. நடுவில் கறுப்பு வட்டம், சுற்றிலும் தீப்பிடித்த மாதிரி ஆரஞ்சு வளையம்.

அண்ணாச்சி கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இது எந்தக் கம்பெனி தரைச்சக்கரம்? புது ஐட்டமா இருக்கே!"

பல மாதங்களாக இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டாத என்னிடம் இதுவரை யாரும் இயற்பியல் கேட்டதில்லை. விடுவேனா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து விளக்கினேன்.

"இது சக்கரம் இல்ல அண்ணாச்சி, கருந்துளை. உள்ள போனா எதுவும் திரும்பி வராது. வெளிச்சம்கூட வெளிய வர முடியாது."

அவர் முகம் வாடிவிட்டது.

"வெளிச்சமே வராதா? அப்ப யாரு வாங்குவாக? அனுப்புன லோடு அம்புட்டும் திரும்பில்ல வந்துரும்!"

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "படம் எடுப்பாத்தான் இருக்கு. நம்ம சக்கரத்துக்கு இதே மாதிரி ஒண்ணு போட்டுருங்க. நடுவுல கறுப்பா இருக்குல்ல, அதுக்குள்ள இருந்து வெளிச்சம் பீறிட்டு வரணும்."

"அண்ணாச்சி, அதுக்குள்ள இருந்து வெளிச்சம் வரவே வராதுன்னுதான..."

"நீங்க போட்டா வரும் தம்பி."

சாயங்காலம் வரை உட்கார்ந்து வரவழைத்துவிட்டேன். பச்சையும் கொஞ்சம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.

இயற்பியல் படித்த நண்பர்கள் திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிடுங்கள். காலையில் அச்சுக்குப் போகிறது.